300 வருஷத்துக்கு முன் வியாபாரி கட்டிய பாலம்! 1977-ல் உடைந்து இன்னும் எழாத பாலம்!

அடையாற்றுப் பாலங்களின் கதை

(நமது நிருபர்)

காலை 8 மணிக்குச் சைதாப்பேட்டை பாலத்தில் நின்று பாருங்கள். பஸ்சில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள், ஸ்கூட்டரில் பின்னால் மனைவியை உட்காரவைத்துக்கொண்டு ஆபீசுக்குப் பறக்கிறவர்கள், டிபன் கேரியரை சைக்கிளில் மாட்டிக்கொண்டு போகிற தொழிலாளர்கள்... நகரமே அந்தப் பாலத்தின் மேல்தான் ஓடுகிறது.

அவர்களில் ஒருவரை நிறுத்தி, இந்த இடத்தில் முதன்முதலில் பாலம் கட்டியது யார் என்று கேளுங்கள். வெள்ளைக்காரன்தான் என்பார். நவாப் கட்டினார் என்று அடித்துச் சொல்கிறவரும் உண்டு.

இரண்டும் இல்லை. ஆங்கிலக் கம்பெனியும் கட்டவில்லை, நவாபும் கட்டவில்லை. கட்டியவர் ஒரு வியாபாரி. அதுவும் தன் சொந்தப் பணத்தில்!

அவர் பெயர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான். ஆர்மீனியர். பாரசீகத்தில் ஜுல்பா என்ற ஊரில் இருந்து வியாபாரத்துக்காகச் சென்னைக்கு வந்தவர். கப்பல் வியாபாரம். மணிலா வரைக்கும் சரக்கு அனுப்பியவர். கையில் பணம் புரண்டது.

பணம் புரண்ட வியாபாரிகள் அந்தக் காலத்தில் எத்தனையோ பேர். பங்களா கட்டினார்கள், தோட்டம் வாங்கினார்கள். உஸ்கான் 1726-ல் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டினார். 1726-க்கும் 2026-க்கும் கணக்குப் போட்டால் சரியாக 300 வருஷம்.

செலவு எவ்வளவு?

30 ஆயிரம் வராகன்!

வராகன் என்றால் தங்கக் காசு. பிற்காலத்தில் கம்பெனி ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கணக்கு வைத்தது. அப்படிப் பார்த்தால் 1 லட்சத்து 5 ஆயிரம் ரூபாய் ஆகிறது. இன்றைக்கு அது ஒரு பழைய கார் விலைகூட இல்லை. ஆனால் அந்த நாளில் அது பெரிய ஆஸ்தி.

எதற்காகக் கட்டினார்? பரங்கிமலைக்குப் போகிற பக்தர்களுக்காக. தோமையார் மலைக் கோவிலுக்குப் போக வேண்டும் என்றால் ஆற்றைக் கடந்தாக வேண்டும். கோடையில் இறங்கி நடந்துவிடலாம். மழைக்காலத்தில் ஆறு விடாது. அதனால் பாலம் போட்டார். மலை ஏறுகிறவர்களுக்குப் படிக்கட்டும் கட்டிக்கொடுத்தார்.

அத்தோடு விட்டாரா? இதைத்தான் கவனிக்க வேண்டும். பாலத்தையும் படியையும் பிற்காலத்தில் பழுது பார்ப்பதற்கென்று தனியாக 1,500 வராகன் ஒதுக்கிவைத்தார். கட்டுவது ஒரு நாள் பெருமை, காப்பாற்றுவது தினப்படி வேலை என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது.

பக்தர்களுக்காகக் கட்டின பாலத்தில் பட்டாளம் போனது. சரக்கு வண்டி போனது. கோட்டையில் இருந்து பரங்கிமலைக்குப் போகிற பாதை பெரிய ரோடாக வளர்ந்தது. அதுதான் மவுண்ட் ரோடு, இன்றைய அண்ணா சாலை. பாலம் இல்லை என்றால் அந்த ரோடு சைதாப்பேட்டையிலேயே நின்றிருக்கும்.

மாம்பலம் எப்படி 'மார்மலாங்' ஆனது?

பாலத்துக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் 'மார்மலாங் பாலம்'. ஏதோ துரை பெயர் என்று நினைக்காதீர்கள். நம்ம மாம்பலம்தான்! அவர்கள் வாயில் நுழையாமல் மார்மலாங் ஆகிவிட்டது. தூத்துக்குடியையே 'டூட்டிகோரின்' ஆக்கினவர்களுக்கு மாம்பலம் எம்மாத்திரம்?

பாலம் கட்டின விவரத்தை ஒரு கல்லில் வெட்டிவைத்தார் உஸ்கான். ஒரு மொழியில் இல்லை, மூன்று மொழிகளில். ஆர்மீனியம், பாரசீகம், லத்தீன். பழைய பாலம் போன பிறகும் அந்தக் கல் தப்பிப் பிழைத்தது. பாலத்தின் சைதாப்பேட்டைக் கரையில் ரோட்டோரமாக நின்ற அந்தக் கல்லைத் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் தாண்டிப் போனார்கள். நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? பார்த்தவர்களிலும் படிக்கத் தெரிந்தவர் யார்? மூன்றில் ஒன்றுகூடத் தமிழ் இல்லையே!

உஸ்கானின் கடைசிக் காலம் அத்தனை சுகமாக இல்லை. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். அவர்கள் பக்கம் சேர உஸ்கான் சம்மதிக்கவில்லை. சொத்து பறிபோனது. 1749-ல் ஊர் மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இரண்டு வருஷம் கழித்து 1751-ல் உஸ்கான் இறந்துபோனார். வேப்பேரியில் அடக்கம் செய்தார்கள். இப்போது அங்கே இருப்பது செயின்ட் மத்தியாஸ் சர்ச்.

அவர் கட்டின பாலம் 200 வருஷத்துக்கு மேல் உழைத்தது. மாட்டு வண்டிக்காகக் கட்டினது, கடைசியில் லாரியையும் தாங்கியது. 1966-ல் அந்த இடத்தில் புதிய பாலம் வந்தது. மறைமலை அடிகள் பாலம் என்று பெயர் வைத்தார்கள்.

பெயர் பொருத்தமானதுதான். மறைமலை அடிகள் 1911-க்குப் பிறகு பல்லாவரத்தில் குடியிருந்தவர். பல்லாவரத்துக்கு வழியே இந்த ரோடுதான். தனித்தமிழுக்காகவே வாழ்ந்தவர் அவர். ஆனால் பஸ்சில் டிக்கெட் கேட்கிறவர்கள் வாயில் வருவது என்னவோ 'சைதாப்பேட்ட பிரிட்ஜ்'!

கடல் பக்கம் இன்னொரு பாலம்

சைதாப்பேட்டை பாலம் மேற்கே இருக்கிறது. மயிலாப்பூர், சாந்தோம் பக்கத்து ஜனங்கள் அடையாறு போக வேண்டும் என்றால் அவ்வளவு தூரம் சுற்ற முடியுமா? 1840-ல் கடலுக்குப் பக்கமாக ஒரு பாலம் போட்டார்கள். அப்போது கவர்னராக இருந்தவர் எல்பின்ஸ்டன் பிரபு. பாலத்துக்கும் அவர் பெயரே வைக்கப்பட்டது.

இங்கே வியாபாரி பணம் கொடுக்கவில்லை. கவர்னர் பெயர் போட்டால் கஜானாவே திறக்கிற காலம் வந்துவிட்டது.

பாலத்துக்குத் தெற்கே அப்போது தோப்பும் தோட்டமும்தான். 1882 டிசம்பரில் பிரம்மஞான சபைக்காரர்கள் வந்து ஆற்றங்கரைத் தோட்ட பங்களாவில் தலைமை இடத்தை வைத்துக்கொண்டார்கள். பிற்பாடு பெசன்ட் நகர் வந்தது, இந்திரா நகர் வந்தது, திருவான்மியூர் வளர்ந்தது. அத்தனைக்கும் ஒரே வாசல் இந்த எல்பின்ஸ்டன் பாலம்.

வாசல் குறுகலாக இருந்தால் என்ன ஆகும்? இரண்டு பஸ் எதிரும் புதிருமாக வந்தால் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். 1973-ல் பக்கத்திலேயே அகலமான புதுப்பாலம் திறந்தார்கள். தொழிலாளர் தலைவர் திரு.வி.க. பெயரை வைத்தார்கள். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைக்க முன்னால் நின்றவர் அவர். கவர்னர் பெயர் போய்த் தொழிலாளர் தலைவர் பெயர் வந்தது நல்ல மாற்றம்தானே?

பழைய எல்பின்ஸ்டன் பாலத்தை இடிக்கவில்லை. புதுப்பாலத்துக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டார்கள். அதன் மேல் பஸ் இல்லை, கார் இல்லை. ரிட்டயர் ஆன பெரியவரைத் திண்ணையில் உட்காரவைத்த மாதிரி.

பாலம் எப்படிச் சாகிறது?

பாலம் என்றால் மேலே ஓடுகிற ரோடுதான் பாலம் என்று நினைக்கிறோம். உயிர் கீழே இருக்கிறது.

பழைய காலத்துப் பாலம் எல்லாம் செங்கல் வளைவு. வளைவு சின்னது என்பதால் தூண்கள் அதிகம் வேண்டும். ஆற்றில் இத்தனை தூண் நட்டால் தண்ணீர் போகிற வழி குறையும். வெள்ளம் வரும்போது பாலத்துக்கு மேற்கே தண்ணீர் தேங்கி உயரும். வழி கிடைத்த இடத்தில் வேகமாகப் பாயும். அப்படிப் பாயும்போது தூணைச் சுற்றியிருக்கிற மணலை வாரிக்கொண்டு போய்விடும். கடற்கரையில் அலை வரும்போது நம் காலடி மணல் நழுவுமே, அதே கதைதான். தூணின் கால் எவ்வளவு ஆழம் போயிருக்கிறதோ, அவ்வளவுதான் பாலத்தின் ஆயுள்.

புதுப் பாலங்களில் தூண் குறைவு, இடைவெளி அதிகம். ஆனால் அவற்றுக்கும் வேறு நோய் உண்டு. பஸ் பாலத்தின் மேல் போகும்போது 'டக்... டக்...' என்று சத்தம் கேட்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? கான்கிரீட் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். அதற்காக நடுநடுவே இடைவெளி விட்டிருக்கிறார்கள். அந்த இடைவெளியில் மண்ணும் குப்பையும் அடைத்துக்கொண்டால் பாலத்துக்கு அசைய இடம் இருக்காது. தண்ணீர் வடிகிற ஓட்டை அடைத்துக்கொண்டால் உள்ளே ஊறும். கம்பி துருப்பிடிக்கும். சுவர் வெடிப்பில் காக்கை போட்ட அரச விதை முளைக்கும். சின்னக் கன்றுதானே என்று விட்டால் வேர் உள்ளே போய்ச் சுவரையே பிளக்கும்.

இதை எல்லாம் சரிசெய்யப் பெரிய இஞ்சினீயர் வேண்டாம். நாலு ஆள், ஒரு கடப்பாரை, வருஷத்துக்கு இரண்டு தடவை. உஸ்கான் ஒதுக்கின 1,500 வராகன் இந்த மாதிரிக் காரியத்துக்குத்தான்.

இன்றைக்கு யார் செய்ய வேண்டும்? அங்கேதான் சிக்கல். பெரிய ரோட்டுப் பாலம் நெடுஞ்சாலைத் துறைக்கு. மற்ற ரோட்டுப் பாலம் மாநகராட்சிக்கு. ரயில் பாலம் ரயில்வேக்கு. கீழே ஓடுகிற ஆறு நீர்வளத் துறைக்கு. மேலே விபத்து நடந்தால் போலீசுக்கு. பாலத்து நடுவில் நடந்த விபத்துக்கு எந்த ஸ்டேஷன் எல்லை என்று இரண்டு பக்கத்து ஏட்டுகளும் வாக்குவாதம் செய்ததை நானே பார்த்திருக்கிறேன். அடிபட்டவர் அதற்குள் ஆட்டோவில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்துவிட்டார்.

10 வருஷம் வாழ்ந்த பாலம்!

இப்போது வருவது சோகக் கதை.

அடையாறு கடலில் கலக்கிற இடத்துக்குப் போனால் இரண்டு கரையிலும் மீனவர் குப்பங்கள். வடக்கே சீனிவாசபுரம். தெற்கே ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம். நடுவில் ஆறு. ஒரு கரையில் நின்று கூப்பிட்டால் காற்று அடங்கிய நேரத்தில் அடுத்த கரையில் கேட்கும். அவ்வளவுதான் தூரம்.

ஆனால் நடந்து போக வேண்டும் என்றால்? சாந்தோம் பக்கம் ஏறி, அடையாறு பாலம் தாண்டி, பெசன்ட் நகர் போய், மறுபடி கடற்கரைக்கு இறங்க வேண்டும். தலையில் மீன் கூடையோடு!

1967-ல் இவர்களுக்காக முகத்துவாரத்தில் ஒரு சிறிய பாலம் கட்டினார்கள். காருக்கோ பஸ்சுக்கோ அல்ல. மீனவர்கள் நடந்து போய்வர. சாந்தோம் பக்கத்தில் இருந்து பெசன்ட் நகர் கடற்கரைக்கு நேராகப் போய்விடலாம். சுற்று மிச்சம்.

10 வருஷம் ஓடியது. 1977-ல் ஆற்று வேகத்தில் பாலம் உடைந்தது.

உடைந்தது உடைந்ததுதான். திரும்பக் கட்டவில்லை. அதற்குப் பெயரே 'உடைந்த பாலம்' என்று ஆகிவிட்டது. மறைமலை அடிகள் பாலம், திரு.வி.க. பாலம் என்று தலைவர்கள் பெயர் வரிசையில், இதற்கு மட்டும் காயமே பெயர்.

இடத்தைப் பார்த்தால் காரணம் புரியும். அது ஆறும் கடலும் மல்லுக்கட்டுகிற இடம். கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டி ஆற்று வாயை அடைக்கும். மழைக்காலத்தில் வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு பாயும். இன்றைக்கு இங்கே இருக்கிற வாய் நாளைக்கு நூறு அடி தள்ளி இருக்கும். அந்த மணலில் நிற்கிற தூணுக்கு என்ன பத்திரம்?

இடம் கஷ்டமானதுதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் மனதில் இன்னொரு கேள்வி. மார்மலாங் பாலம் விழுகிற வரை யாரும் காத்திருக்கவில்லை. புதுப்பாலம் போட்டார்கள். எல்பின்ஸ்டன் பாலம் உடையும் முன்பே பக்கத்தில் வேறு பாலம் போட்டார்கள். கார் போகிற பாலத்துக்கு வயசானாலே வாரிசு தயார். நடந்து போகிறவன் பாலம் மட்டும் ஏன் அனாதை?

திரும்பக் கட்டவேண்டும் என்ற பேச்சு வராமல் இல்லை. போக்குவரத்து நெரிசலைக் குறைக்க அந்த வழியாகவே பெரிய பாலம் போடலாம் என்று யோசனை எழும், பேப்பரில் வரும், அடங்கும். அதிலும் கணக்குக் காருக்குத்தான்.

மீனவருக்கு உதவாத பாலம் வேறு சிலருக்கு உதவியது. சினிமாக்காரர்கள் காமிராவோடு வந்தார்கள். காதலர்கள் வந்தார்கள். போட்டோ எடுக்க வந்தார்கள். பெசன்ட் நகர் பக்கமாக மணலில் நடந்து போய்ப் பாலத்தில் ஏறினால் சூரிய உதயம் அருமை. கொஞ்ச தூரம் நடந்தால் திடீரென்று பாலம் முடிந்துவிடும். கீழே தண்ணீர். தடுப்புக் கட்டை கிடையாது. இருட்டின பிறகு அந்தப் பக்கம் போகவே வேண்டாம். குடிகாரர் தொல்லை ஒரு பக்கம், கால் வழுக்கினால் கேட்க ஆள் இல்லை என்பது இன்னொரு பக்கம்.

2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபோது இதே சீனிவாசபுரம்தான் உயிர்ப்பலி கொடுத்த குப்பங்களில் ஒன்று.

ஓடுதளமே பாலம்!

மற்ற பாலங்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம்.

நந்தனத்தையும் கோட்டூர்புரத்தையும் சேர்க்கிறது கோட்டூர்புரம் பாலம். ஈக்காட்டுத்தாங்கலில் 100 அடி ரோட்டுப் பாலம். சைதாப்பேட்டைக்கும் கிண்டிக்கும் நடுவே ரயில் பாலம். 1931-ல் கடற்கரை-தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதில் இருந்து தென் சென்னைக் குமாஸ்தாக்களை ஆபீசுக்குக் கொண்டுசேர்க்கிற பாலம் அது. கிரீன்வேஸ் ரோட்டுக்கும் கோட்டூர்புரத்துக்கும் நடுவே பறக்கும் ரயில் பாலம். 2004-ல் ரயில் திருவான்மியூர் வரை நீண்டபோது அடையாற்றைத் தாண்டியது. மேற்கே போகப்போகத் தரைப்பாலங்கள். மழை பெய்தால் முதலில் முங்குவது அவைதான்.

ஒரு பாலம் பலருக்குத் தெரியாது. அதன் மேல் போகிறவர்களுக்கே தெரியாது. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுதளத்தை நீட்டியபோது குறுக்கே அடையாறு வந்தது. ஆற்றின் மேலேயே பாலம் போட்டு ஓடுதளத்தை நீட்டினார்கள். ஆம், விமானம் ஓடுகிற பாலம்! உஸ்கானிடம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

2015, டிசம்பர் 1... அந்த ராத்திரி!

அடையாறு ஏறக்குறைய 42 கிலோமீட்டர் நீளம். வருஷத்தில் பெரும்பாலான நாள் சாக்கடையைச் சுமந்துகொண்டு தூங்கும். பாலத்தில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். 1943, 1976, 1985, 2005 என்று அவ்வப்போது வெள்ளம் வந்து, 'நானும் ஆறுதான்' என்று ஞாபகப்படுத்தும். கொஞ்ச நாளில் ஊர் மறந்துவிடும்.

2015 மறக்க முடியாது.

நவம்பர் முழுக்க மழை. ஏரிகள் எல்லாம் தளும்பின. டிசம்பர் 1-ந் தேதி பேய் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி வரை தண்ணீர் திறந்தார்கள். அந்தத் தண்ணீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் கலக்கும். அது மட்டும் இல்லை. தாம்பரம், முடிச்சூர் பக்கத்து ஏரிகள் நிறைந்து வழிந்த தண்ணீரும் சேர்ந்துகொண்டது. எல்லாம் ஒரே ஆற்றில், ஒரே ராத்திரியில்.

ஆற்றங்கரை வீடுகளில் தூங்கினவர்கள் தண்ணீர் சத்தம் கேட்டு எழுந்தார்கள். கோட்டூர்புரத்தில் குடியிருப்புகளுக்குள் வெள்ளம். ஜாபர்கான்பேட்டையில் வெள்ளம். சைதாப்பேட்டைக் கரையோரக் குடிசைகள் அடையாளம் இல்லாமல் போயின.

பாலங்கள்?

மறைமலை அடிகள் பாலத்தைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் ஓடியது. பாலம் தாங்குமா தாங்காதா என்று யாருக்கும் தெரியாது. போக்குவரத்தை நிறுத்தினார்கள். கோட்டூர்புரம் பாலமும் அடைக்கப்பட்டது. எழும்பூரில் இருந்து தெற்கே போகிற ரயில்கள் நின்றன. மின்சார ரயிலும் நின்றது. விமான நிலையத்தில் ஓடுதளம் ஏரி ஆனது. விமானங்கள் தண்ணீருக்குள் நின்றன. மறுபடி பயணிகள் விமானம் புறப்பட டிசம்பர் 6-ந் தேதி ஆனது.

யோசித்துப் பாருங்கள். சாலை, ரயில், விமானம் மூன்றையும் ஒரே ஆறு நிறுத்திவிட்டது. கிண்டியில் இருந்தவன் சைதாப்பேட்டைக்கு வர முடியவில்லை. அடுத்த கரை கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே பெண்டாட்டி பிள்ளை. செல்போன் சிக்னலும் போய்விட்டது. 1726-க்கு முன்னால் பரங்கிமலைக்குப் போன பக்தன் மழைக்காலத்தில் எப்படிக் கரையில் நின்றானோ, அப்படியே நின்றது 2015-ஆம் வருஷத்துச் சென்னை.

பாலங்கள் விழவில்லை. தண்ணீர் வடிந்ததும் சோதித்துப் பார்த்துத் திறந்துவிட்டார்கள். அதுவரை சந்தோஷம்.

செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரை முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கலாம் அல்லவா என்று அன்று ஊரே கேட்டது. 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்ட இந்தியத் தணிக்கைத் துறை அறிக்கை, அது மனிதர்களால் ஏற்பட்ட பேரிடர் என்றே சொல்லிவிட்டது. ஏரி, குளம், ஆற்றங்கரை எல்லாம் ஆக்கிரமிப்பு ஆனதும் சேர்ந்த வினை.

எந்த ஆக்கிரமிப்பு முதலில் போனது தெரியுமா? குடிசைகள்தான். வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகர் பக்கத்துக்கும் அனுப்பினார்கள். மாடி வீடு கிடைத்தது. உண்மைதான். ஆனால் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், மாம்பலத்தில் வீட்டு வேலை செய்கிற அம்மா, இவர்கள் வேலை எல்லாம் பழைய இடத்திலேயே இருந்தது. பாலத்தடியில் இருந்து நடந்து வேலைக்குப் போனவர்கள், விடிகாலையில் எழுந்து இரண்டு பஸ் மாறி அதே பாலத்தின் மேல் வரவேண்டியதாயிற்று. வேண்டாம் என்று வேலையை விட்டவர்களும் உண்டு.

ஆற்றைத் தொட்டுக்கொண்டு கட்டிய பெரிய கட்டடங்களைப் பற்றிக் கேட்டால், எல்லாம் அனுமதி வாங்கிக் கட்டினவை என்று பதில் வரும். ஆற்றுக்கு அனுமதிச் சீட்டு படிக்கத் தெரியாது என்பதுதான் கஷ்டம்.

2023 டிசம்பர் 4-ந் தேதி 'மிக்ஜாம்' புயல் மழையிலும் விமான நிலையத்தை மூட வேண்டி வந்தது.

அடுத்தது ஆற்றுக்கு அடியில்!

மேலே பாலம் போட்டுப் பார்த்தாகிவிட்டது. மெட்ரோ ரயில்காரர்கள் அடுத்தபடி கீழே போய்விட்டார்கள். கிரீன்வேஸ் ரோட்டுக்கும் அடையாறுக்கும் நடுவே, ஆற்றுப் படுகைக்கும் கீழே, ராட்சச இயந்திரத்தை விட்டுச் சுரங்கம் தோண்டினார்கள். திரு.வி.க. பாலத்தில் நெரிசலில் சிக்கி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, கீழே ஒரு இயந்திரம் பாறையைக் குடைந்துகொண்டு போவது தெரியவில்லை.

சுரங்கம் வந்தால் அடையாறு ஜனங்களுக்கு நல்லது. மயிலாப்பூருக்கு ஒரு நொடியில் வந்துவிடலாம்.

சீனிவாசபுரத்துக்காரர் எதிர்க்கரையில் இருக்கிற ஊரூர் குப்பத்துக்குக் கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்றால், 1977-ல் இருந்து ஒரே வழிதான். பட்டினப்பாக்கத்தில் ஏறி, திரு.வி.க. பாலம் தாண்டி, அடையாறு சிக்னலில் நின்று, பெசன்ட் நகரில் இறங்கி நடக்க வேண்டும்.